வடக்கு ஜன்னலுக்கு எந்தச் சட்டம்

செப்டம்பர் 9

இன்று காலை ஜன்னல் என் கையோடு வந்துவிட்டது.

பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே வந்துவிட்டது. படுக்கையறை ஜன்னல் கதவை வழக்கம்போல் ஒரு இழுப்பு இழுத்தேன். கதவு, கீல், கீலைப் பிடித்திருந்த மரச்சட்டத்தில் ஒரு முழம், எல்லாம் சேர்ந்து வந்தன. சட்டத்துக்குள் மரமே இல்லை. வெளியே பச்சைப் பெயின்ட், உள்ளே கரையான் மண். இத்தனை நாளும் அந்த ஜன்னல் வெறும் பெயின்ட்டின் பலத்தில் நின்றிருக்கிறது. நானும் கொஞ்ச காலமாக அப்படித்தான் நிற்கிறேன் என்பதால் அதன்மேல் கோபம் வரவில்லை.

என் கணவர் ஆவுடையப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆகாயத்தில் கண்டெய்னர் ஆடும்போதே பதறாதவர், ஜன்னலுக்கா பதறுவார்? "கையில வச்சுக்கிட்டே நிக்காத செண்பகம், கீழ வையி" என்றார்.

வடக்குச் சுவரில் மொத்தம் மூன்று ஜன்னல்கள். மூன்றையும் தட்டிப் பார்த்தேன். மூன்றும் மண். ஐப்பசி மழை வருவதற்குள் மாற்றியாக வேண்டும்.

வடக்குச் சுவருக்கு அப்பால் ஒரு சந்து. சந்தும் அதற்கு அப்பால் உள்ள பாதி வீடும் என் தங்கை சண்முகவடிவுக்கு உரியவை. அப்பா வீட்டை இரண்டாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். வடிவும் நானும் பேசி ஐந்து வருடம் ஆகிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

மருந்துக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த இந்த டைரி இதுவரை காலியாகக் கிடந்தது. இனி ஜன்னல் விவரங்களை மட்டும் இதில் குறித்துக்கொள்ளப் போகிறேன்.

செப்டம்பர் 12

கடைகள் ஏறி இறங்கினேன். பாளையங்கோட்டை ரோட்டில் புதிதாக ஒரு யூபிவிசி ஜன்னல் கடை. உள்ளே போனதும் ஒரு இளைஞன் எழுந்து நின்று, "டீச்சர்!" என்றான்.

தூத்துக்குடியில் நான் எந்தக் கடைக்குப் போனாலும் இதுதான் நடக்கும். பாதி ஊருக்கு வேதியியல் நடத்தியிருக்கிறேன். மீதி ஊர் வணிகவியல் எடுத்துத் தப்பித்தது.

"ஜெபசிங் டீச்சர். பன்னெண்டாவது ஒங்ககிட்டதான்."

"பாஸா?"

"ரெண்டாவது தடவ, டீச்சர்."

அவன் சுத்தியலை எடுத்து வெள்ளைச் சட்டத்தை ஓங்கி அடித்துக் காட்டினான். கரையான் தொடாது, துருப்பிடிக்காது, உப்புக்காற்று ஒன்றும் செய்யாது என்றான். "ஒங்க ஆயுசுக்கும் இருக்கும் டீச்சர்." என் ஆயுசு எவ்வளவு என்று எந்தக் கம்பெனி அட்டவணையில் போட்டிருக்கிறது என்று கேட்டேன். பாவம், அட்டவணையைப் புரட்டினான்.

பிறகு அவனுக்குப் பாலிவினைல் குளோரைடு பற்றி நின்றபடியே ஒரு வகுப்பு எடுத்தேன். வாசலில் வேறொரு வாடிக்கையாளர் வந்து, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, திரும்பிப் போய்விட்டார்.

செப்டம்பர் 15

பிறர் சொல்வதை நம்பி ஜன்னல் வாங்குகிறவள் அல்ல நான். ஒரு சோதனை ஆரம்பித்திருக்கிறேன். நான்கு கண்ணாடிப் பாட்டில்களில் உப்பளத்துத் தண்ணீர். ஒன்றில் தேக்குத் துண்டு, ஒன்றில் இரும்பு, ஒன்றில் அலுமினியம், ஒன்றில் ஜெபசிங் கொடுத்த யூபிவிசி துண்டு. அடுப்படி அலமாரியில் வரிசையாக வைத்துப் பெயர் ஒட்டியிருக்கிறேன்.

"இப்படி ஊறப்போட்டு எத்தன நாள் பாக்கணும்?" என்றார் ஆவுடையப்பன்.

"முடிவு தெரியுத வரைக்கும்."

"அதுக்குள்ள மழ வந்துரும்."

அறிவியல் மனப்பான்மை இல்லாதவரோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

செப்டம்பர் 16

ஆவுடையப்பன் நான்காம் பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டார். வயிற்றுப்போக்குக்குக் கலக்கி வைத்த உப்புச் சர்க்கரைத் தண்ணீர் என்று நினைத்தாராம். யூபிவிசி என்பதால் பயமில்லை.

செப்டம்பர் 24

மதிப்பெண் போட்டுவிட்டேன்.

இரும்பு தோல்வி. பாட்டில் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. இந்த ஊரில் இரும்பு ஜன்னல் வைப்பதும் மாதாமாதம் பெயின்ட் அடிக்க ஓர் ஆளை வேலைக்கு வைப்பதும் ஒன்று.

தேக்கு நல்ல மாணவன்தான். கரையான் எளிதில் தொடாது. ஆனால் மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு கதவு மூடாது, வெயில் காலத்தில் சுருங்கிக்கொண்டு இடுக்கு விடும். சூழலுக்கு ஏற்ப மூஞ்சியை மாற்றும் மாணவனை என்னால் முதல் வரிசையில் உட்காரவைக்க முடியாது.

அலுமினியம் இலேசு, மெலிசு, பார்க்க லட்சணம். ஆனால் வெயிலை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவரும். உப்புக்காற்றில் நல்ல பூச்சு இல்லாவிட்டால் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி விழும்.

யூபிவிசி எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. தரம் குறைந்த சரக்கு வெயிலில் மஞ்சளாகிவிடும் என்று படித்தேன். இதை ஆவுடையப்பனிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வடக்கு சன்னலுக்கு எங்கேருந்து வெயில் வரும்?" என்றார்.

அதை நான் யோசிக்கவில்லை. யோசித்ததாக அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 25

காலையில் பேப்பர் படித்துக்கொண்டே ஆவுடையப்பன் சொன்னார்: "எந்தச் சட்டம்னு முடிவு பண்ணிட்டா, அடுத்தாப்ல என்ன செய்யணும்னு ஒனக்குத் தெரியும். அதான் முடிவே பண்ண மாட்டேங்க."

என்ன சொல்ல வருகிறார் என்று விளங்கவில்லை.

அக்டோபர் 1

ஜெபசிங் அளவெடுக்க வந்தான். மூன்று ஜன்னலையும் பார்த்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தான்.

"டீச்சர், உள்ள இருந்து மட்டும் மாட்ட முடியாது. வெளியவும் ஏணி போட்டு ஆள் நிக்கணும். சுத்திப் பூச்சு வேலை இருக்கு. அந்தச் சந்து ஆருக்குள்ளது?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

நான் பிறந்த வீடு இது. சந்து ஆருடையதென்று எனக்குத் தெரியாதாம். ஜெபசிங் என்னைப் பார்த்த பார்வையில், பரீட்சையில் தான் எழுதிய பதில்களை நினைத்துக்கொண்டது தெரிந்தது.

"ஒரு வார்த்த சொல்லி வச்சிருங்க டீச்சர்" என்றான்.

அப்போது வடிவு சந்தில் துணி காயப்போட வந்தாள். எங்கள் ஜன்னலில்தான் கதவு இல்லையே, பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். ஒரு புடவையை உதறிக்கொண்டு, கொடியில் உட்கார்ந்திருந்த காக்காவிடம், "ஆருக்கு என்ன வேணும்னாலும் வாசல் வழியா வந்து கேக்கட்டும்" என்றாள்.

காக்கா பறந்துவிட்டது. நானும் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 3

சாலையோர அலுமினியக் கடையில் விசாரித்ததில், அவர்களுடைய ஜன்னலை உள்ளே நின்றபடியே மாட்டிவிடலாமாம். பூச்சு வேலை? "அத கொஞ்சம் முன்னப்பின்ன பாத்துக்கிடலாம்மா" என்றார்கள்.

அலுமினியத்துக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டிருக்கிறேன். என் வேலைக்காலத்தில் ஆருக்கும் இப்படி ஒரு மார்க் கூட்டியதில்லை. எம்.எல்.ஏ. மகனுக்கே கூட்டவில்லை.

அக்டோபர் 7

மதியம் முருங்கைக்காய் சாம்பார். காய் பிஞ்சாக, விரல் மொத்தத்தில், நன்றாக இருந்தது. மார்க்கெட்டில் வாங்கியதாக ஆவுடையப்பன் சொன்னார். மார்க்கெட்டில் காயை வாழைநாரால் கட்டிக் கொடுக்க மாட்டார்கள். சந்தின் கோடியில் வடிவு வீட்டு முருங்கை காய்த்திருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் ஆராயவில்லை. இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொண்டேன்.

சண்டைக்குக் காரணம் என்ன என்று ஆரும் கேட்டால் சொல்வதற்காக ஒரு தடவை எழுதி வைக்கிறேன். வடிவின் மகள் நித்யாவுக்குக் கல்யாணம் நடந்தது. நான் தூக்கி வளர்த்த பெண். பத்திரிகையில் மாமா, சித்தப்பா, மாப்பிள்ளையின் தாத்தாவுடைய தம்பி எல்லார் பெயரும் இருந்தன. என் பெயர் இல்லை. கடைசியில் "மற்றும் சுற்றத்தார்" என்று இருந்தது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல். ஆர் கேட்டாலும் காய்ச்சல்தான்.

அக்டோபர் 10

ஒரு விஷயம். ஜன்னலுக்குக் கதவு இல்லாததால் தானாகக் காதில் விழுந்தது. நான் நாற்காலியை அங்கே போட்டு உட்கார்ந்திருந்தது காற்றுக்காக.

சந்தில் இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் வீட்டுத் தரகர். மற்றவரிடம், "சுவத்த ஒட்டியே கட்டிக்கிடலாம் சார், ரெண்டு மாடி தாராளமா எழும்பும்" என்றார்.

"அந்தச் சன்னலுங்க?"

"அது அவங்க பாடு. நாம நம்ம எடத்துலதான கட்டுதோம்?"

வடிவு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். அவள் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்று நான் போனேன். தலைமாட்டில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், பிறகு பெண்கள் கூட்டமாக வந்தார்கள், நான் வந்துவிட்டேன். அதன்பின் அவள் மெலிந்துவிட்டாள். ரவிக்கை தோளில் நிற்பதில்லை.

ஆக, வீட்டை விற்கப் போகிறாள். நித்யா புனேயில் இருக்கிறாள். அங்கேதான் போவாளாயிருக்கும்.

வாங்குகிறவன் சுவரை ஒட்டிக் கட்டினால், எந்தச் சட்டம் போட்டாலும் ஜன்னலைத் திறந்ததும் செங்கல்தான் தெரியும். நான் பாட்டிலில் ஊறப்போட்டுப் பார்த்த சோதனையில் இந்தக் கேள்வி இடம்பெறவில்லை.

அக்டோபர் 11

என் கவலை காற்றோட்டம் பற்றித்தான்.

அக்டோபர் 13

யூபிவிசிக்கே ஆர்டர் கொடுத்துவிட்டேன். வீடு கை மாறுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். முன்பின் தெரியாதவனிடம் போய்ச் சந்தில் ஏணி போடட்டுமா என்று கேட்பதைவிட இது மேல்.

அனுமதி கேட்க ஜெபசிங்கை அனுப்பினேன். வடிவு ஏதாவது குத்தலாகச் சொல்வாள் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் தரமான பதில்கள். ஜெபசிங் திரும்பி வந்து சொன்னான்:

"எத்தன நாள் வேணும்னாலும் நின்னு செய்யட்டும்னாங்க டீச்சர். எனக்கு மோர் குடுத்தாங்க."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"ஒங்களுக்கு இப்ப முட்டு வலி எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

என் பதில்கள் எல்லாம் வீணாகிவிட்டன.

அளவை நானே எடுத்துக் கொடுத்தேன். ஜெபசிங் எடுத்த அளவு வேறாக இருந்தது. வேதியியலை இரண்டாம் தடவையில் தேறியவன் எடுத்த அளவை நான் எப்படி நம்புவது? என்னுடையதையே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அக்டோபர் 24

பழைய சட்டங்களைப் பெயர்த்தாயிற்று. புதிய சட்டங்கள் வந்தன. மூன்றும் பொருந்தவில்லை. மூன்றும் பெரிது.

சுவரின் திறப்பை அளப்பதற்குப் பதில் பூச்சின் வெளி விளிம்பை அளந்திருக்கிறேன். மூன்று தடவையும். தவறிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

"மரம்னா ஓரத்த இழைச்சிரலாம் டீச்சர்" என்றான் ஜெபசிங். "இது மூலைய உருக்கி ஒட்டினது. வெட்டுனா போச்சு. புதுசாத்தான் செய்யணும்." நான் என் வேலைக்காலத்தில் ஆயிரம் பேரிடம் பேசிய குரலில் அவன் பேசினான். இவ்வளவு பொறுமையாக அந்தக் குரல் என்னிடம் இருந்ததில்லை.

ஜன்னல் இல்லாமல் சுவரில் இப்போது மூன்று ஓட்டைகள். இரண்டு சின்னதற்குப் பலகை அடித்தாயிற்று. படுக்கையறை ஓட்டைக்கு மட்டும் நீலத் தார்ப்பாய்.

அக்டோபர் 26

மழை.

மத்தியானம் ஆவுடையப்பன் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். வானம் கறுத்தது ஒரு நிமிடம், காற்று மறு நிமிடம். வடகிழக்கிலிருந்து நேராக எங்கள் சுவருக்குத்தான் வந்தது. தார்ப்பாயின் மேல் ஆணிகள் இரண்டும் பட்டென்று தெறித்தன. மழை மெத்தைமேல் விழுந்தது. கட்டில்மேல் ஏறி நின்று இரண்டு மூலைகளையும் இரு கைகளால் அழுத்திப் பிடித்தேன். கீழ்ப்பகுதி காற்றில் பாய்மரம் மாதிரி வெளியே போய் அடித்துக்கொண்டது. இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் கட்டிலில் நின்ற கோலத்தை ஆரும் பார்க்கவில்லை என்பதே ஆறுதல்.

திடீரென்று தார்ப்பாய் அடிப்பது நின்றது. வெளியே இருந்து ஒரு கை அதைச் சுவரோடு அழுத்தியிருந்தது.

"எக்கா, அந்த மூலைய விட்டுராத."

ஐந்து வருடத்துக்குப் பிறகு என் தங்கை என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள். உருக்கமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது:

"விடல. நீ கீழ நல்லாப் புடி."

"புடிச்சிருக்கேன். நீ ஒன் பக்கமே இழுக்காத. வலது பக்கம் தள்ளு."

"ஒன் வலதா, என் வலதா?"

"ஐயோ, கடலப் பாத்த பக்கம்!"

தள்ளினேன். நடுவில் நீலப் பிளாஸ்டிக். அதில் இரண்டு உள்ளங்கைகளும் ஒரு நெற்றியும் புடைத்துத் தெரிந்தன.

"நனையுதியேட்டி. உள்ள போ."

"போனா நீ ஒத்தையில புடிச்சிருவியோ?"

முகம் தெரியாததால் எனக்கு வாய் வந்தது.

"வீட்டக் குடுக்கப் போறியாமே."

"அத்தான் சொன்னாரா?"

அத்தானா! அவருக்குத் தெரியுமா! "அவரு ஒங்கிட்ட எப்ப பேசுனாரு?"

"தெனமுந்தான் பேசுதாரு. அத விடு. ஆமா, குடுக்கப் போறேன். அவுக போனதுக்கப்புறம் வீடு ரொம்பப் பெருசாயிட்டுக்கா. குளிமுறில வழுக்கி விழுந்து கெடந்தா ஆரு வந்து பாப்பா?"

"போன வாரம் நீ குளிமுறில செம்பக் கீழ போட்டே."

"ஆமா."

"நான் சன்னல்கிட்ட வந்து நின்னேன். பெறவு நீ ரேடியோ வச்சே. சரி, விழலன்னு போயிட்டேன்."

தார்ப்பாயில் நெற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

"நின்னியா?"

"நின்னேன்."

"ஒரு வார்த்த கூப்பிடப்பிடாதா? அப்படி என்னக்கா எம்மேல ஒனக்குக் கோவம்?"

"பத்திரிகையில எம் பேரு இல்ல."

"எந்தப் பத்திரிகையில?"

"எந்தப் பத்திரிகையிலயா! நித்யா கல்யாணப் பத்திரிகையில! மற்றும் சுற்றத்தார்! நான் சுற்றத்தாராட்டி?"

"அது மாப்பிள வீட்டுக்காரங்க அடிச்சது! நாங்க தனியா அடிக்கவே இல்லியே. எம் பேரையே அதுல தப்பா போட்டிருந்தாவ. அதுக்கா கல்யாணத்துக்கு வரல?"

"எனக்குக் காய்ச்சல்."

"நான் கெணத்து மோட்டாருக்குத்தான் நீ கோவமா இருக்கேன்னு நெனச்சேன்."

"என்ன மோட்டாரு?"

"புதுசு போடணும்னு நீ சொன்ன, நான் வேண்டாம்னுட்டேன்லா. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால. நீ மூஞ்சத் தூக்கிக்கிட்டுப் போன. நீயே இவ்வளவு பிடிவாதமா இருந்தா நான் மட்டும் எறங்கி வரணுமான்னு இருந்துட்டேன்."

எனக்கு அந்த மோட்டார் பேச்சு நடந்ததாகவே ஞாபகம் இல்லை. ஆக, இந்த ஐந்து வருடமும் நாங்கள் இரண்டு பேரும் வேறுவேறு சண்டை போட்டிருக்கிறோம். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் நின்று.

ஆவுடையப்பன் அரிசிப் பையோடு வந்து கதவருகில் நின்றார். கட்டிலில் ஏறி நின்றுகொண்டு தார்ப்பாயோடு பேசிக்கொண்டிருக்கும் மனைவியைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். சுத்தியல் எடுக்கப் போனார்.

அக்டோபர் 27

வடிவுக்குச் சளி. மிளகு ரசம் வைத்து ஆவுடையப்பனிடம் கொடுத்து அனுப்பினேன். "நீயே கொண்டு போயேன்" என்றார். ரசம் ஆறிவிடும் என்றேன். அவர் என்னைவிட மெதுவாக நடப்பவர் என்பதை அவர் சுட்டிக்காட்டவில்லை. பெருந்தன்மை.

அக்டோபர் 30

இன்று நானே கொண்டுபோனேன். வாசல் வழியாக.

வீடு உள்ளே எப்படியோ இருக்கிறது. பாதிச் சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறாள். உட்காரச் சொல்லி, பெட்டி ஒன்றைத்தான் காட்டினாள். உட்கார்ந்தேன். அப்பளம் மாதிரி ஏதோ நொறுங்கியது. இரண்டு பேரும் எழுந்து பார்க்கவில்லை.

நித்யா ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். தரகரிடம் பேசி முடித்துவிட்டு, அம்மாவைக் கையோடு கூட்டிப்போக.

நவம்பர் 3

நித்யா வந்தாள். முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். கல்யாணமான பிறகு அவளை நேராகப் பார்த்துப் பேசுவது இதுதான் முதல் தடவை. முகத்தில் வடிவின் சாயல் வந்திருக்கிறது. "வா" என்றுகூடச் சொல்லாமல், "புனேயில மழ எப்படி?" என்று கேட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. அம்மாவுக்கு அங்க வர மனசே இல்ல. இங்க தனியா இருக்கவும் பயம். நீங்க இருன்னு சொன்னா இருப்பாங்க. சொல்லுவீங்களா?"

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். யோசித்துச் சொல்கிறேனாம்!

மாலை எல்லாரும் வடிவு வீட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் பேச ஆரம்பித்தேன். புனேயின் குளிர் முட்டிக்கு ஆகாது என்றேன். தூத்துக்குடியில் உப்புக்காற்று உண்டு, ஆனால் பழகிய காற்று. அங்கே தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். இங்கே மீன் நன்றாகக் கிடைக்கும். மாடி வீட்டில் லிஃப்ட் நின்றுவிட்டால் கஷ்டம், ஆனால் பெரிய ஆஸ்பத்திரி பக்கம். இரண்டு பக்கமும் நியாயமாகப் பேசினேன். என்னை அறியாமல் புனேவுக்கு மதிப்பெண் கூடிக்கொண்டே போனது. ஆவுடையப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வடிவு, "சரிக்கா, நீ சொல்லுததும் நியாயந்தான். போயிட்டு வாரேன்" என்றாள். எழுந்து உள்ளே போகத் திரும்பினாள்.

நானும் எழுந்துவிட்டேன்.

"போகாதடி" என்றேன்.

நின்றாள். "ஏன்?"

நான் காரணம் தேடினேன். காரணம் சொல்வதையே பிழைப்பாக வைத்திருந்தவள் நான். ஒன்றுகூட வரவில்லை.

"காரணமெல்லாம் இல்ல. போகாத."

வடிவு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள். பிறகு நித்யாவிடம், "டிக்கெட்ட ஒண்ணாக் கொறச்சிரு" என்றாள்.

நித்யா சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அழவில்லை. ஆவுடையப்பன் அழுததாக நான் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

நவம்பர் 4

தரகருக்கு நித்யா போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பெட்டிகளைப் பிரிக்க நான் போனேன். நொறுங்கியது அப்பளம் இல்லை, நித்யாவின் கல்யாண போட்டோ கண்ணாடி. ஏணி ஏறியவர்கள் எவரோ செய்த வேலையாக இருக்கும் என்றேன். "ஏணி வீட்டுக்குள்ள எங்கக்கா வந்துது?" என்றாள் வடிவு.

நவம்பர் 9

புதிய ஜன்னல்கள் மாட்டியாயிற்று. இந்தத் தடவை அளவு ஜெபசிங்குடையது. சட்டம் சுவரில் போய் உட்கார்ந்தபோது ஒரு சத்தமும் வரவில்லை. அவனும் என்னைப் பார்க்கவில்லை. நல்ல பையன்.

வெள்ளைச் சட்டம், தெளிந்த கண்ணாடி. ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறது. மூடினால் சந்தில் காக்கா கத்துவதுகூடக் கேட்கவில்லை. அதனால் திறந்தே வைத்திருக்கிறேன். பூட்டு, ரப்பர், இரட்டை அடைப்பு என்று தேடித் தேடி வாங்கிய ஜன்னலை இப்படி நாள் முழுக்கத் திறந்து வைப்பதற்கு, அந்த ஓட்டையையே விட்டிருக்கலாம் என்கிறார் ஆவுடையப்பன்.

நித்யா காலை ரயிலில் கிளம்பிவிட்டாள். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். காய்ச்சல் ஒன்றும் இல்லை.

நவம்பர் 16

இன்று வடிவோடு சண்டை.

புது ஜன்னலின் அடிப்பலகையில் மழைத்தண்ணீர் வழிந்து, கீழே அவள் காயவைத்திருந்த சுண்டைக்காய் வற்றலை நனைத்துவிட்டதாம். "ஒன் பிளாஸ்டிக் சன்னல கழத்தி எறி" என்றாள். பிளாஸ்டிக் என்று பொதுவாகச் சொல்லக்கூடாது என்று விளக்கினேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. மழைக்காலத்தில் சந்தில் வற்றல் காயவைத்தது ஆர் குற்றம் என்று கேட்டேன். சந்து ஆருடையது என்று அவள் கேட்டாள். கிணற்று மோட்டாரும் வந்தது. கல்யாணப் பத்திரிகையும் வந்தது. இரண்டு பேரும் வாசலுக்கு வந்து, நேருக்கு நேர் நின்று, தெருவே கேட்கும்படி கத்தினோம். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் பேப்பரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார்.

நடுவில் வடிவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "இரு, தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று உள்ளே போனாள்.

நான் என் வாசலிலேயே நின்று, அவள் வரும்வரை காத்திருந்தேன்.